அறிவினாவும் அறியாவினாவும்: மென்பொருள் நேர்காணல் பயிற்சிக்கான கூட்டு இணையச் செயலியின் வடிவமைப்பு (அவனியாபுரம் வட்டார மாணவரை முன்வைத்து)

ஆய்வுச்சுருக்கம்

மென்பொருள் நிறுவனங்களின் நேர்காணலில் கேட்கப்படும் வினாக்களுக்கு மாணவர்கள் கூடிப் பயிற்சி பெறுவதற்கான இணையச் செயலி ஒன்றை எவ்வாறு வடிவமைப்பது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. நன்னூல் கூறும் அறுவகை வினா, எண்வகை விடை ஆகிய பாகுபாடுகள் அத்தகைய செயலியின் தரவு அமைப்புக்கு நேரடியாகப் பயன்படுகின்றன என்பது இதன் முதற்கருத்து. பலர் ஒரே நேரத்தில் எழுதும் தளத்தில் தமிழ் எழுத்தை அலகாகக் கொள்ளாவிடில், எவரும் எழுதாத சொற்கள் திரையில் தோன்றும் என்பது இரண்டாவது. தமிழ்வழியில் பள்ளிக்கல்வி முடித்துக் கணினித் துறைக்கு வரும் மதுரை அவனியாபுரம் வட்டார மாணவரை மனத்திற்கொண்டு இவ்விரண்டும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நேர்காணல், நன்னூல், வினா-விடை, கூட்டுத் தொகுப்பு, ஒருங்குறி, கலைச்சொல், இணையச் செயலி

முன்னுரை

அவனியாபுரம் வெளியூரார்க்குத் தை முதல் நாள் ஜல்லிக்கட்டால் அறிமுகமான ஊர். மதுரை விமான நிலையத்தை அடுத்த இப்பகுதி, தனி நகராட்சியாக இருந்து 2011-இல் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. 1957-இல் தொடங்கப்பட்ட தியாகராசர் பொறியியற் கல்லூரி அண்மையிலுள்ள திருப்பரங்குன்றத்தில் அமைந்துள்ளது. அதற்குப் பின்னர் மதுரையைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகளும் கணினிப் பாடம் நடத்தும் கலை அறிவியல் கல்லூரிகளும் பல தோன்றியுள்ளன. அவற்றில் பயிலும் மாணவர் பலருக்கு இறுதியாண்டில் முன்னிற்கும் பெரிய தடை, வளாகத் தேர்வில் நடைபெறும் தொழில்நுட்ப நேர்காணலே ஆகும்.

இம்மாணவருள் ஒரு பிரிவினர் மேனிலை வகுப்பு வரை தமிழ்வழியில் பயின்றவர்கள். தமிழக அரசின் புதிய பாடத்திட்டம் 2018-19 கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்புக்கும், அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புக்கும் வந்தது. அதன்படி கணினி அறிவியலில் முதலாண்டு சி++ மொழியும் மறு ஆண்டு பைத்தான் மொழியும் கற்பிக்கப்படுகின்றன. பாடநூல்கள் தமிழிலும் கிடைக்கின்றன. எனவே ‘தற்சுழற்சி’ என்றால் என்ன என்பதை ஒரு மாணவி பதினாறு வயதிலேயே தமிழில் புரிந்துகொண்டிருக்கலாம். கல்லூரியில் அதே கருத்து ‘ரிகர்ஷன்’ என்னும் பெயரில் மீண்டும் வருகிறது. நேர்காணலில் அதனை எழுதிக் காட்டுவதோடு நில்லாமல், எழுதும்போதே வாய்விட்டு விளக்கவும் வேண்டியிருக்கிறது. அறிந்த ஒன்றை எடுத்துரைக்க இயலாமல் நிற்கும் இடம் இதுவே. நிரல் எழுதத் தெரியாமையினால் தோற்பவரும் உளர்; ஆயினும் எழுதிய நிரலை விளக்கத் தெரியாமையினால் தோற்பவரின் இழப்பு கூடுதல் வருத்தத்துக்குரியது. ஏனெனில் அது பயிற்சியால் முற்றிலும் தவிர்க்கக்கூடியது.

தனியே அமர்ந்து வினாத்தொகுப்பை மனப்பாடம் செய்வதால் இக்குறை நீங்குவதில்லை. எடுத்துரைப்பதற்கு எதிரே ஒருவர் வேண்டும். அவர் இடைமறித்துக் கேட்கவும் வேண்டும். கூட்டுச் செயலியின் தேவை இங்குத் தொடங்குகிறது.

நேர்காணல் வினாவின் இலக்கணம்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், வினாவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என ஆறாகப் பகுக்கிறது. விடை தனக்குத் தெரிந்திருந்தும், பிறர்க்குத் தெரியுமா என்பதை அறியக் கேட்பது அறிவினா. மென்பொருள் நேர்காணலில் எழும் வினா ஏறக்குறைய முழுமையும் இவ்வகையினது. ‘ஒரு சொல்லின் எழுத்துகளைத் தலைகீழாக வரிசைப்படுத்தும் நிரலை எழுதுக’ என்று கேட்பவர்க்கு அந்நிரல் தேவையில்லை. அதனைப் பெறும் வழியில் எதிரிலிருப்பவர் எவ்வாறு எண்ணுகிறார் என்பதே அவர் காண விழைவது.

விடைப் பாகுபாடு இன்னும் பயனுடையது. சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் வெளிப்படை விடைகள். ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் ஐந்தும் குறிப்பால் விடையாகக் கொள்ளத்தக்கவை என்று நன்னூல் ஏற்கிறது. நேர்காணலில் தேர்ச்சி பெறுவோரின் உரையாடலைக் கூர்ந்து நோக்கினால், அவர்கள் இப்பிற்பகுதியைத் திறம்படக் கையாள்வது புலனாகும். மேற்கண்ட வினாவுக்கு, ‘சொல்லில் இடைவெளி வருமா? வெற்றுச் சொல் தரப்பட்டால் என்ன செய்வது? தமிழ்ச் சொல்லும் வரக்கூடுமா?’ என்று கேட்பது வினா எதிர் வினாதல். ‘இம்முறையைக் கையாளலாமா?’ என்றதற்கு, ‘பத்து இலட்சம் பதிவுகள் வந்தால் நினைவகம் போதாது’ என்பது உறுவது கூறல். ‘சென்ற பருவத்துச் செயல்திட்டத்தில் இதனைச் செய்தபோது தரவுத்தளம் முடங்கியது’ என்பது உற்றது உரைத்தல். ‘ஜாவா தெரியுமா?’ என்றதற்குப் ‘பைத்தானில் எழுதுவேன்’ என்பது இனமொழி. (ஏவல் விடையை, அதாவது ‘நீயே எழுது’ என்பதை, நேர்காணலில் எவரும் முயன்று பார்க்க வேண்டியதில்லை.)

நம் வகுப்பறைகளில் வினா எதிர் வினாதல் ஊக்குவிக்கப்படுவதில்லை. ஆசிரியர் கேட்டதும் விடை கூற வேண்டும். திருப்பிக் கேட்பது தெரியாமையின் அடையாளம் அல்லது பணிவின்மையின் அடையாளம். பன்னிரண்டு ஆண்டுகள் இவ்வாறு பழகிய மாணவர், நேர்காணலில் வினாவின் எல்லையைத் தெளிவுபடுத்திக்கொள்ளாமலே விடையைத் தொடங்கிவிடுகிறார். எனவே பயிற்சிச் செயலி முதலில் பழக்க வேண்டியது விடையை அன்று; எதிர்வினாவையே.

மாணவர் கற்கும் முறையைப் பற்றியும் நன்னூல் பொதுப்பாயிரம் ஒரு கணக்குக் கூறுகிறது. ஆசிரியர் உரைத்ததை நன்கு உள்வாங்கினாலும் பெறுவது புலமையில் காற்பங்கே; உடன் பயில்வாரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு; பிறர்க்குச் செவ்விதின் எடுத்துரைப்பதால் எஞ்சிய இரு காற்பங்கு. இன்றுள்ள பயிற்சித் தளங்களுட் பெரும்பாலானவை முதற் காற்பங்கினையே பெருக்கித் தருகின்றன. எஞ்சிய முக்காற்பங்கு கூட்டுச் செயலிக்கு உரியது.

முன்னோடிகளும் ஒரு திசைமாற்றமும்

இத்துறையில் தமிழகத் தொடர்புடைய முன்னோடி ஒன்று உண்டு. திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற விவேக் ரவிசங்கர், ஹரி கருணாநிதி ஆகிய இருவரும் தொடங்கிய ‘இன்டர்வியூஸ்ட்ரீட்’ என்னும் நிறுவனமே அது. மாணவர்க்கு மாதிரி நேர்காணல் நடத்தித் தரும் சேவையாக அது முதலில் எண்ணப்பட்டது. அம்முயற்சி நிலைபெறவில்லை. நிறுவனங்கள் தமக்கு விண்ணப்பிக்கும் நிரலர்களைச் சோதித்து வடிகட்டும் கருவியாக அது மாறிய பின்னரே வளர்ந்தது. 2011-இல் அமெரிக்காவின் ஒய் காம்பினேட்டர் அமைப்பின் ஆதரவைப் பெற்றது. 2012-இல் ‘ஹேக்கர்ரேங்க்’ என்னும் பெயரில் வெளிவந்த அதன் பயிற்சித் தளமே பின்னாளில் நிறுவனத்தின் பெயராகவும் ஆயிற்று.

இத்திசைமாற்றம் ஆராயத்தக்கது. அறியாவினாவோடு வரும் மாணவரிடம் பணம் இல்லை. அறிவினா தொடுக்கும் நிறுவனத்திடம் உண்டு. ஆகவே வணிக நோக்கில் இயங்கும் எந்தத் தளமும் காலப்போக்கில் வினாக் கேட்பவர் பக்கம் சாய்வது இயல்பு. இதில் குறைகூற ஏதுமில்லை. ஆயினும் எடுத்துரைக்கும் பயிற்சியை மாணவர்க்கு அளிக்கும் தளத்தைக் கல்லூரித் துறைகளும் மாணவர் குழுக்களும் தாமே உருவாக்கிப் பேண வேண்டும் என்னும் முடிவுக்கு இது நம்மை இட்டுச் செல்கிறது. அதற்குரிய கருவிகள் கட்டற்ற மென்பொருள்களாகவே கிடைக்கின்றன.

மற்றொரு முன்னோடி ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி ஆகியோர் 2008-இல் தொடங்கிய ‘ஸ்டாக் ஓவர்ஃப்ளோ’. ஒருவர் எழுதிய வினாவையும் விடையையும் பிறர் திருத்தலாம் என்னும் ஏற்பாட்டினை நிரலர் உலகில் பரவலாக்கியது அத்தளம். அங்குள்ளவை மெய்யான அறியாவினாக்கள். ஆனால் அதன் நோக்கம் முடிந்த விடையைச் சேமிப்பது; விடையை நோக்கிய தடுமாற்றத்தைச் சேமிப்பதன்று. ஏற்கெனவே கேட்கப்பட்ட வினா என்று காரணம் காட்டி, புதிதாய் வந்தவரின் வினாவை அது மூடிவிடும். தேடி வருவோர்க்கு அது நன்மை. கற்போர்க்கு அவ்வாறன்று, ஒரே வினாவை நூறு மாணவர் நூறு முறை தடுமாறிக் கடக்க இடமளிப்பதே பயிற்சித் தளத்தின் வேலை.

வினாவைச் சேமிக்கும் முறை

தரவுத்தளத்தில் வினா, விடை என இரண்டு அட்டவணைகளை மட்டும் அமைப்பது முதலில் தோன்றும் எளிய வழி. அவ்வழியிற் சென்றால் செயலி ஒரு வினாத்தாள் தொகுப்பாகவே முடியும். மாறாக, ஒவ்வொரு பயிற்சியையும் ஓர் உரையாடலாகக் கருத வேண்டும். வினா ஓர் அட்டவணையில் இருக்கும். அதன்மீது நிகழும் ஒவ்வொரு முயற்சியும் தனிப் பதிவு. அம்முயற்சியினுள் நிகழ்ந்த ஒவ்வொரு கூற்றும், யார் கூறினார், எந்நேரத்தில், எவ்வகைக் கூற்று என்னும் குறிப்புகளோடு வரிசையாக அமையும். ‘எவ்வகை’ என்னும் புலத்தில் நன்னூலின் வினாவகை, விடைவகைப் பெயர்களையே இடலாம்.

இது மரபின்மீதுள்ள பற்றினால் மட்டும் கூறப்படுவதன்று. கூற்றுகள் இவ்வாறு வகைப்படுத்தப்பட்டிருந்தால், ‘கடந்த பத்து முயற்சிகளில் இம்மாணவர் விடை தொடங்குமுன் எதிர்வினா எழுப்பினாரா?’ என்பதைச் செயலி ஒரு தேடலில் காட்டிவிடும். நிரல் சரியா தவறா என்னும் மதிப்பெண்ணைவிட இக்குறிப்பு மாணவர்க்கு உதவும். வகைப்படுத்துவதைக் கணினியிடம் ஒப்படைக்காமல், எதிரே அமர்ந்து வினாக் கேட்ட சக மாணவரிடமே விடுவது நன்று. பிறர் கூற்று எவ்வகையினது என்று தீர்மானிப்பதும் ஒரு பயிற்சியே.

கூட்டாக எழுதுதலும் எழுத்து என்னும் அலகும்

இருவரோ மூவரோ ஒரே பக்கத்தில் ஒரே நேரத்தில் எழுதுவதற்கு, உலாவிக்கும் வழங்கிக்கும் இடையே திறந்தே இருக்கும் இணைப்பு வேண்டும். வழக்கமான வலைப்பக்கம் அஞ்சல் போன்றது. கேட்டால்தான் விடை வரும். 2011-இல் தரப்படுத்தப்பட்ட ‘வெப்சாக்கெட்’ முறை தொலைபேசி போன்றது. இருபுறமும் எப்போது வேண்டுமாயினும் பேசலாம். இணைப்பு எளிது. கடினமானது, ஒருவர் திருத்தமும் மற்றவர் திருத்தமும் ஒரே கணத்தில் வந்து மோதும்போது என்ன செய்வது என்பதே.

இதற்கு இரு தீர்வு மரபுகள் உள்ளன. 1989-இல் எல்லிஸ், கிப்ஸ் ஆகியோர் முன்வைத்த ‘செயல்பாட்டு உருமாற்றம்’, பின்னர் வந்த திருத்தத்தின் இடக்குறியை முன்னர் வந்ததற்கேற்ப மாற்றியமைக்கும். கூகுள் ஆவணங்கள் இம்மரபைச் சார்ந்தவை. 2011-இல் ஷபீரோவும் அவர்தம் குழுவினரும் வரையறுத்த ‘மோதலற்ற படித்தரவு வகை’ என்னும் முறையில், ஒவ்வொரு குறிக்கும் நிலையான அடையாளம் ஒன்று வழங்கப்படும். திருத்தங்கள் எவ்வரிசையில் வந்து சேர்ந்தாலும் எல்லாத் திரையிலும் ஒரே பனுவல் கிட்டும். ‘ஒய்ஜேஎஸ்’, ‘ஆட்டோமெர்ஜ்’ ஆகிய கட்டற்ற நிரலகங்கள் இரண்டாம் மரபினைச் சார்ந்தவை. இணைப்பு அறுந்து மீண்டும் கிடைக்கும்போதும் இம்முறை குலையாது. கைப்பேசியில், நகரப் பேருந்தில் பெரியார் நிலையம் செல்லும் வழியில் எழுதும் மாணவர்க்கு ஏற்றது இதுவே.

எல்லாத் திரையிலும் ஒரே பனுவல் கிட்டும் என்பது, சரியான பனுவல் கிட்டும் என்பதாகாது. ‘வரிசை’ என்னும் சொல்லை ஒருவர் தவறுதலாக ‘வரிரிசை’ எனத் தட்டச்சு செய்திருக்கிறார் என்க. அதனைக் கண்ட இரு மாணவர் ஒரே கணத்தில் திருத்த முற்படுகின்றனர். ஒருவர் முதல் ‘ரி’யை நீக்குகிறார், மற்றவர் இரண்டாம் ‘ரி’யை நீக்குகிறார். இருவர் திருத்தமும் ஏற்கப்பட, எஞ்சுவது ‘வசை’. இது எம்மொழியிலும் நேரக்கூடிய விபத்து. தமிழுக்கே உரிய சிக்கல் இதனினும் நுண்மையானது.

ஒருங்குறியில் தமிழ் உயிர்மெய்க்குத் தனி இடம் இல்லை. ‘மதுரை’ என்பது நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு அது ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என ஐந்து குறியிடங்கள்; யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் குறியிடத்துக்கு மூன்றாகப் பதினைந்து பைட்டுகள். ஜாவாஸ்கிரிப்டில் இச்சொல்லின் நீளம் கேட்டால் 5 என்றே விடை வரும். இதனால் முன்னர்க் கூறிய ‘தலைகீழாக எழுதுக’ என்னும் எளிய வினா, தமிழ்ச் சொல்லைத் தந்தவுடன் கடினமாகிவிடுகிறது. குறியிட வாரியாகத் திருப்பினால், முதலில் ஐகாரக் குறி ஒட்டிக்கொள்ள எழுத்தின்றித் தொங்கும். தகரத்துக்குரிய உகரம் ரகரத்தைப் பற்றிக்கொண்டு ‘ருதம’ என நிற்கும். வேண்டுவது ‘ரைதும’. ஆங்கிலச் சொற்களை மட்டுமே வைத்துப் பயிலும் மாணவர் இவ்வேறுபாட்டை எதிர்கொள்வதே இல்லை. குறியீட்டுக்கும் எழுத்துக்கும் உள்ள வேறுபாட்டை உணர்த்த இதைவிட நல்ல வினா கிடைப்பது அரிது.

இனிக் கூட்டுத் தொகுப்புக்கு வருவோம். பக்கத்தில் ‘மரதெடல்’ என்று பிழையாக எழுதப்பட்டுள்ளது. ‘மரத்தேடல்’ என்பதே வேண்டியது. ஒரு மாணவர் சொல்லின் பிற்பகுதியாகிய ‘தெடல்’ முழுவதையும் நீக்குகிறார். அதே கணத்தில் மற்றொருவர், எகரக் குறியை நீக்கி ஏகாரக் குறியை இடுகிறார். குறியிடத்தை அலகாகக் கொண்ட செயலி இரண்டையும் இணைக்கும்போது, தகரம் நீக்கப்பட்டுவிட்டது. புதிதாய் வந்த ஏகாரக் குறியோ நீக்கப்படவில்லை. அது முன்னுள்ள ரகரத்தோடு ஒட்டி ‘மரே’ ஆகிறது. இச்சொல்லை இருவரில் எவரும் எழுதவில்லை. ஆங்கிலத்தில் இத்தகைய மோதல் ஓர் எழுத்தை மிச்சமாக விட்டுச்செல்லும். தமிழில் மிச்சமானது தீண்டப்படாத பக்கத்து எழுத்தையும் மாற்றிவிடுகிறது.

எனவே தொகுப்பியின் அடிப்படை அலகு குறியிடமாக இருத்தல் கூடாது. எழுத்தாக இருத்தல் வேண்டும். பனுவலை எழுத்துகளின் அணியாகப் பகுத்து, ‘தெ’ என்பதை ஓர் உறுப்பாகவே செயலிக்குத் தர வேண்டும். அப்போது இரண்டாம் மாணவரின் திருத்தம், ‘தெ’யை நீக்கித் ‘தே’யை இடுதல் என்று பதிவாகும். மோதலின் விளைவு ‘மரதே’ என எஞ்சும். அதுவும் பிழையே, ஆயினும் பக்கத்து எழுத்து சிதையவில்லை, பிழை கண்ணுக்குப் படுகிறது. ஒரே எழுத்தை இருவர் தொட்டால் இருவர் திரையிலும் அதனை வண்ணமிட்டுக் காட்டிவிட்டால் போதும். எஞ்சியதை மனிதர் பார்த்துக்கொள்வர்.

எழுத்தாகப் பகுப்பதற்கு உலாவிகளிலேயே இப்போது ‘இன்டில் செக்மென்டர்’ என்னும் வசதி உண்டு. முத்து அண்ணாமலை உள்ளிட்டோர் உருவாக்கிய ‘ஓப்பன் தமிழ்’ என்னும் பைத்தான் நிரலகமும் இதனைச் செய்கிறது. இரண்டும் எல்லா இடத்தும் ஒத்துப்போகும் என்று கருதிவிடக் கூடாது. ‘க்ஷ’ என்பதைப் பொதுவான ஒருங்குறி விதி இரண்டாகப் பிரிக்கும். தமிழ் நெடுங்கணக்கைப் பின்பற்றும் நிரலகம் ஒன்றாகக் கொள்ளலாம். உலாவியும் வழங்கியும் ஒரே விதியைக் கையாளுமாறு முன்னரே முடிவு செய்துவிட வேண்டும்.

இன்னும் ஒரு நுண்மை: ‘கொ’ என்பதைக் ககரமும் ஒகரக் குறியும் என இரு குறியிடங்களாகவும் எழுதலாம், ககரம், எகரக் குறி, கால் என மூன்றாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு வேறு வேறு சொற்கள். பனுவல் உள்ளே வரும்போதே இயல்பாக்கம் செய்யாவிடில், ‘கொடு’ என்று தேடுபவர்க்குப் பாதி பக்கங்கள் கிடைக்காமற் போகும். அகரவரிசையும் அவ்வாறே. ஒருங்குறி வரிசையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் உள்ளன. புள்ளியெழுத்து உயிர்மெய்களுக்குப் பின் தள்ளப்படுகிறது. வினாப்பட்டியலை வரிசைப்படுத்தத் தமிழுக்குரிய ஒப்பீட்டு விதியைத் தரவுத்தளத்தில் தனியே இயக்க வேண்டும்.

கலைச்சொல்லின் இரட்டை வாழ்வு

பாடநூலில் ‘அணி’, வகுப்பில் ‘அர்ரே’. பாடநூலில் ‘செயற்கூறு’, வகுப்பில் ‘ஃபங்ஷன்’. பாடநூல் தரும் ‘நெறிமுறை’ என்னும் சொல் ‘அல்காரிதம்’ என்பதைக் குறிக்கிறது. அதே சொல் வலையமைப்புப் பற்றிய நூல்களில் ‘புரோட்டோகால்’ என்பதற்கும் வழங்குகிறது. இவற்றுள் எது சரி என்று தீர்ப்பளிப்பது பயிற்சிச் செயலியின் பணியன்று. மாணவர் எச்சொல்லால் தேடினாலும் ஒரே வினாவைச் சென்றடைய வேண்டும். அதற்கு ஒவ்வொரு கருத்துக்கும் ஓர் அடையாள எண் இட்டு, தமிழகப் பாடநூற்சொல், இலங்கை வழக்கு, வகுப்பறைப் பேச்சுவழக்கு, ஒலிபெயர்ப்பின் வேறுபட்ட வடிவங்கள் அனைத்தையும் அதன்கீழ் இணைத்துவிட்டால் போதும். ‘ஸ்டாக்’, ‘ஸ்டேக்’, ‘அடுக்கு’ மூன்றும் ஒரே கதவைத் திறக்கட்டும். இப்பட்டியலையும் மாணவரே வளர்க்கலாம். எவ்வட்டாரத்தில் எச்சொல் மேலோங்குகிறது என்னும் தரவு சொல்லியல் ஆய்வாளர்க்கு உடன் விளைவாகக் கிடைக்கும்.

நிரலை இயக்குதல்

மாணவர் எழுதும் நிரலை வழங்கியில் இயக்குவது ஆபத்தானது. முடிவற்ற சுழற்சியோ, கோப்புகளை அழிக்கும் கட்டளையோ வரலாம். வலையமைப்புத் தொடர்பற்ற தனித்த கொள்கலனில், நேர வரம்பும் நினைவக வரம்பும் இட்டு இயக்குவது வழக்கமான தீர்வு. பைத்தான் மட்டும் போதுமெனில் மாணவரின் உலாவியிலேயே இயக்கிவிடலாம்; வழங்கிச் செலவு மிச்சம். இப்பகுதி பிறரால் நன்கு தீர்க்கப்பட்டது. புதிதாக எழுதிக் காலம் போக்க வேண்டியதில்லை.

இருவர் அமரும் அறை

செயலியின் மையம் இருவர் சந்திக்கும் அறை. ஒருவர் கேட்பவர், ஒருவர் சொல்பவர். அரைமணி நேரத்தில் இடம் மாறுவர். மேலைநாட்டில் ‘பிராம்ப்’ என்னும் தளம் இவ்வாறு முன்பின் அறியாத இருவரை இணைத்து மாறி மாறி நேர்காணல் செய்ய வைத்தது. அதில் கேட்பவர்க்கு விடைக் குறிப்பு முன்னரே தரப்படும். அதாவது அவர் கேட்பது அறிவினா. நம் அறையில் ஒரு மாற்றம் வேண்டும். முதற்சுற்றில் கேட்பவர்க்கு விடையைத் தருதல் கூடாது. அவர் மெய்யாகவே அறியாமல் கேட்டால், ‘எனக்கு விளங்கவில்லை, மீண்டும் சொல்’ என்பது நடிப்பாக இராது. சொல்பவரும் தேர்வாளரை நிறைவு செய்யப் பேசாமல், எதிரிலிருப்பவர்க்கு விளங்கப் பேசுவார். இரண்டாம் சுற்றில் விடைக் குறிப்போடு அறிவினா கேட்கலாம்.

மொழியும் சுற்றுக்கேற்ப மாறலாம். முதற்சுற்றில் விளக்கம் தமிழில். கலைச்சொற்கள் எவ்வடிவிலும் வரலாம். இரண்டாம் சுற்றில் அதே விளக்கம் ஆங்கிலத்தில். ஆங்கிலத்திலேயே தொடக்கம் முதல் பயிற்றுவதுதான் நேர்காணலுக்கு உதவும் என்னும் வாதம் வலுவுடையது. தேர்வு நடப்பது அம்மொழியில்தானே. எனினும், கருத்தைக் கோப்பதும் அயல்மொழியில் வாக்கியம் அமைப்பதும் ஆகிய இரு சுமைகளும் ஒரே கணத்தில் விழும்போது மாணவர் இரண்டையும் நழுவ விடுகிறார். தமிழில் ஒருமுறை ஒழுங்காகச் சொல்லி முடித்தவரிடம் கருத்தின் வரிசை ஏற்கெனவே கையில் இருக்கிறது. ஆங்கிலச் சுற்றில் அவர் தேட வேண்டியது சொற்களை மட்டுமே.

குரலைப் பதிவு செய்துகொள்ளும் வசதி பயனுடையது. தன் தயக்கங்களைத் தானே கேட்பதுபோல் வேறு பாடம் இல்லை. ஆனால் அப்பதிவு மாணவரின் தனியுடைமை. இந்திய நாட்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டுள்ள நிலையில், தெளிவான ஒப்புதல் பெறுவதும் கேட்டவுடன் அழித்துத் தருவதும் முதல் நாளிலிருந்தே வடிவமைப்பில் இருத்தல் வேண்டும். இணைந்து பயின்ற இருவருக்கன்றி, துறைத்தலைவர்க்கும் அப்பதிவு திறக்கலாகாது. திறக்குமாயின் மாணவர் தடுமாறத் துணியமாட்டார்.

செம்மையாக்கமும் பொறுப்பும்

கூட்டாக எழுதப்படும் எதற்கும் எழும் வினா, ‘பிழையை யார் திருத்துவது?’ என்பது. தமிழிணையத்தில் இதற்கு விடைகண்ட முன்னோடி, நம் நகரின் பெயரையே தாங்கியது. 1998 பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம், சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாடுகளிலுள்ள தன்னார்வலரால் தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கியது. ஒவ்வொரு பதிப்பின் முகப்பிலும் தட்டச்சு செய்தவர் பெயரும் மெய்ப்புப் பார்த்தவர் பெயரும் இடம்பெறும். எழுதியவரும் திருத்தியவரும் வேறு வேறு ஆட்கள். இருவரும் பெயர் சொல்லிப் பொறுப்பேற்பவர்கள். இம்முறையையே மேற்கொள்ளலாம். ஒரு விளக்கம் பொதுப்பக்கத்திற்கு வருமுன், அவ்வறையில் இல்லாத மூன்றாம் மாணவர் ஒருவர் அதனைப் படித்து நிரலை இயக்கிப் பார்த்துத் தம் பெயரை இட வேண்டும்.

பனுவலின் வரலாற்றைப் பேணுவது நமக்குப் புதிதன்று. இறையனார் அகப்பொருளுரை, நக்கீரர் தொடங்கி முசிறி ஆசிரியர் நீலகண்டனார் வரை அவ்வுரை யாரிடமிருந்து யாருக்குச் சென்றது என்னும் வரிசையைத் தன்னுள்ளேயே பதிந்து வைத்துள்ளது. அவ்வரலாறு எத்துணை உண்மை என்பது வேறு ஆராய்ச்சி. உரையோடு கைமாறிய வழியும் எழுதப்பட வேண்டும் என்று கருதினர் என்பதே இங்கு வேண்டுவது. செயலியிலும் பழைய வடிவங்கள் அழிக்கப்படாமல் படிப்படியாகத் திறந்து பார்க்கக் கூடியனவாக இருத்தல் வேண்டும். மூன்று முறை தவறிய ஒரு விளக்கம் நான்காம் முறை எவ்வாறு திருந்தியது என்பதைக் காண்பது, திருந்திய வடிவைக் காண்பதினும் கற்பவர்க்கு உதவும்.

புள்ளிகளும் பதக்கங்களும் வேண்டா என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. ஒரு துறையில் பயிலும் அறுபது பேரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள்; இவர்களுக்குள் தரப்பட்டியல் வைத்தால் விரைந்து விடை எழுதுவோர் முன்னேறுவர், பொறுமையாகக் கேட்போர் காணாமற் போவர். கேட்பவரின் பணியை எண்ணால் அளக்க எளிய வழியில்லை. அளக்க இயலாத ஒன்றே இச்செயலியின் பயனாக இருக்கும்போது, அளக்க இயன்றதைப் பரிசாக்குவது முரண்.

மேலும் ஓர் எல்லை உண்டு. நேர்காணல் முடித்து வந்தோர், அங்குக் கேட்கப்பட்ட வினாவை நிறுவனத்தின் பெயரோடு அப்படியே பதிவிட விரும்புவர். வினாக்களை வெளியிடலாகாது என்று சில நிறுவனங்கள் மாணவரிடம் ஒப்புதல் பெற்றிருக்கக் கூடும். அதனை மீறுவது மாணவர்க்கே கேடு. அதனினும், வெளிப்பட்ட வினாவை மனப்பாடம் செய்வது நாம் விட்டுவந்த பழைய வழிக்கே திரும்புவதாகும். பெயரையும் எண்களையும் நீக்கி, வினாவின் அடிப்படைக் கருத்தைக் கொண்டு புதிய வினாவாக எழுதித் தருமாறு செயலி கேட்கட்டும். நேர்காணல் வினா ஒன்றை உருவாக்கத் தெரிந்தவர் அவ்வகை வினாவுக்கு அஞ்சமாட்டார்.

தொடக்கத்திற்குப் பெரிய அமைப்பு தேவையில்லை. கல்லூரியின் பழைய கணினி ஒன்று வழங்கியாகப் போதும். ஒரே துறையின் ஒரு வகுப்பு, முப்பது வினா, எழுத்தலகுத் தொகுப்பி, இருவர் அறை ஆகியவை முதற்பருவத்திற்குப் போதுமானவை. நிரல் எழுதும் பணியையே இறுதியாண்டுச் செயல்திட்டமாக மாணவரிடம் அளிக்கலாம். ‘மரே’ ஏன் தோன்றியது என்பதைக் கண்டறிந்து திருத்திய மாணவர்க்கு, நேர்காணலில் உற்றது உரைப்பதற்குப் பொருள் கிடைத்துவிடும்.